வாலோடு திரும்பிய மடல்

ஜனவரி 9, 2024

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து அப்பா, "பொய் எழுதாதே" என்கிறார். ஆகவே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி இறங்கியதா, இல்லை அதையும் யார் மேலாவது கோபமாகச் சேர்த்து வைத்திருக்கிறாயா?

டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். அப்பாவின் இதயத்தில் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. மாற்றத்தான் வேண்டும். கோடைக்குள் செய்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் மூச்சு விடவே கஷ்டமாகிவிடும் என்றார். நான் தலையாட்டினேன். அப்பா ஆட்டவில்லை.

"முப்பது வருஷம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவன் டாக்டர் நான். சம்மன் சேராம எந்த வழக்கையும் எடுத்ததில்ல. எனக்கு ரெண்டு பசங்க. அஞ்சு வருஷமா பேச்சு இல்ல. பெரியவன் எழுத்துல சின்னவனைக் கூப்பிடணும். சின்னவன் வரணும். ரெண்டு பேரும் வெளியில ஒரே பெஞ்சில உக்காரணும். அப்புறம் நீங்க கத்தியை எங்க வேணும்னாலும் வைங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வீட்டுல பேசிட்டு வாங்கம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தம்பியிடம் போனில் சொன்னேன். "அண்ணன் ஒரே ஒரு வரி எழுதட்டும்க்கா. அன்னைக்கே வண்டி ஏறிடறேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது?" என்கிறான். அவன் மறுபடி உங்கள் கம்பெனியிலேயே, தூரத்துக் கிளையில், சேர்ந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். நான் இனிமேல் உங்கள் இருவருக்கும் நடுவே புறா வேலை பார்ப்பதாக இல்லை. எழுது.

உன் தங்கை

*

ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி அப்படியே இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. லிஃப்ட் செய்து ஊருக்கெல்லாம் விற்கும் எங்கள் கம்பெனியில் எங்கள் லிஃப்ட் மட்டும் ஓடவில்லை. நான்கு மாடி ஏறித்தான் நாற்காலிக்குப் போகிறேன். அதுவும் ஜன்னலோர நாற்காலி அல்ல. அது யாருக்குப் போயிற்று, யாரால் போயிற்று என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவன் திரும்பச் சேர்ந்ததைச் சுற்றறிக்கையில் பார்த்தேன். பழைய பெயர், பழைய மின்னஞ்சல் முகவரி, புதுப் பதவி. ஊரைச் சுற்றிவிட்டு வந்தவனுக்கு உயர்வு. இங்கேயே கிடந்தவனுக்கு மாடிப்படி.

நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அன்று மதியம் எனக்கு எதிரே உட்கார்ந்து என் டப்பாவிலிருந்தே எடுத்துத் தின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் போய், நான் வரைந்த லிஃப்ட் கதவின் இடைவெளி தவறு என்று தலைமைப் பொறியாளருக்கு எழுதினான், பத்துப் பேருக்கு நகல் போட்டு. அளவு தவறா இல்லையா என்பது வேறு விஷயம். எதிரே இருந்தவனிடம் சொல்ல வாய் இல்லையா? அந்த மாதம்தான் பிரிவுத் தலைவர் பதவி எனக்கு வருவதாக இருந்தது.

அப்பா கேட்கிறார், எழுதுகிறேன். போனில் பேச மாட்டேன். தபாலிலும் எழுத மாட்டேன். அவன் ஆரம்பித்தது மின்னஞ்சலில். நானும் அதிலேயே கூப்பிடுகிறேன். அப்பாவுக்கு உப்பைக் குறை.

உன் அண்ணன்

*

மின்னஞ்சல்: ஜனவரி 18
பொருள்: பதில்: கிளம்புகிறேன்

வணக்கம்.

தந்தையாரின் உடல்நிலை குறித்துத் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கும். அறுவை சிகிச்சையின்போது தாங்கள் உடனிருக்க வேண்டும் என அவர் விரும்புகிறார். வருகையை உறுதி செய்யவும். கீழேயுள்ள தங்கள் மடலை நான் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

> மே 30, 2019 அன்று தம்பி எழுதியது:
> அண்ணா, அந்தக் கதவு விஷயத்த மொதல்ல உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்ல பயமா இருந்துச்சு. நீ முகத்தைத் திருப்பிட்டுப் போறதை தினமும் பாத்துக்கிட்டு என்னால இங்க வேலை செய்ய முடியல. இன்னைக்கோட விட்டுட்டுக் கிளம்பறேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசலாமா? கீழ கேன்டீன்ல இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.

*

தானியங்கி அறிவிப்பு: ஜனவரி 18

தாங்கள் அனுப்பிய மடலைச் சேர்க்க இயலவில்லை. இத்தகைய பெறுநர் எவரும் இல்லை. முகவரியைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்.

*

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

நலமா? இங்கே அப்பா இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். மற்றபடி வாய் நன்றாக வேலை செய்கிறது.

எழுதினாயா, இல்லையா? தம்பியிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "வரலக்கா. சத்தியமா வரல. ஸ்பேம்ல கூடப் பாத்துட்டேன்" என்கிறான். குரலைக் கேட்டால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் நீயும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருக்கிற ஆள் இல்லையே. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாசல் பக்கம் ஏதாவது வண்டி நின்றால் அப்பா, "சின்னவனா பாரு" என்கிறார். நேற்று வந்தவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். அவரையே உட்கார வைத்து ஒரு மணி நேரம் கோர்ட்டுக் கதை சொல்லியிருக்கிறார். மோட்டார் இன்னும் ஓடவில்லை.

உடனே பதில் போடு.

உன் தங்கை

*

மின்னஞ்சல்: பிப்ரவரி 13
பெறுநர்: கணினிப் பிரிவு

வணக்கம். நம் கிளை அலுவலகத்தில் பணிபுரியும் என் தம்பிக்கு நான் அனுப்பும் மடல்கள் அனுப்பிய நிமிடமே திரும்பி வருகின்றன. 'இத்தகைய பெறுநர் இல்லை' என்கிறது அறிவிப்பு. பெறுநர் இருக்கிறான், மாதாமாதம் சம்பளமும் வாங்குகிறான். முகவரியை எழுத்துக்கு எழுத்துச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுவிட்டேன். அறிவிப்பின் அடியில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளும் எண்களுமாக மூன்று வரி இருக்கிறது. அது என்ன மொழி?

*

பதில்: பிப்ரவரி 13

சார், பாஸ்வேர்டை மாற்றிவிட்டு முயற்சி செய்யவும். புகார் முடித்து வைக்கப்பட்டது.

*

பிப்ரவரி 27

தங்கைக்கு,

நலம். அங்கே நலமென்று நம்புகிறேன்.

நீ என்னைச் சந்தேகப்பட்டு எழுதியிருப்பது வலித்தது. ஒன்றல்ல, நான்கு முறை எழுதிவிட்டேன். முதல் முறை திரும்பி வந்தபோது உனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. அடுத்தடுத்த முறையும் அதுவே. முகவரி சரி, பெயர் சரி, 'ஆள் இல்லை' என்கிறது இயந்திரம்.

கணினிப் பிரிவில் ஒருவன் இருக்கிறான். எதைக் கேட்டாலும் "பாஸ்வேர்டை மாத்துங்க சார்" என்பான். மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் அதையேதான் சொல்வான். அதனால் நாங்கள் அவனைப் பாஸ்வேர்டு என்றே கூப்பிடுகிறோம். மாற்றினேன். திரும்பி வந்தது. இயந்திரத்தை அணைத்துப் போடச் சொன்னான். போட்டேன். திரும்பி வந்தது.

பிறகு நடந்ததைக் கேள். பக்கத்து மேசைக் கணக்காளரம்மாவிடம், "என் தம்பிக்கு ஏதாவது அனுப்பிப் பாருங்கள்" என்றேன். அதே முகவரியைத்தான் அடித்தார், நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது! "வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா, அண்ணன் உடம்பு எப்படி இருக்கு?" என்று. என் உடம்பைப் பற்றி அவரிடம் விசாரிக்கிறான்.

"தம்பி பாசமாத்தானே சார் கேக்கறாரு?" என்றார் அந்தம்மா.

பாசமா? ஊரார் எழுதினால் போகிறது, உடன்பிறந்தவன் எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி திரும்புகிறது. எனக்கு இப்போது புரிந்துவிட்டது. அவன் என்னை மட்டும் தடுத்து வைத்திருக்கிறான். உன்னிடம் 'வரலக்கா' என்று குழைகிறான். இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை. அப்பாவிடம் சொல்: பெரியவன் கூப்பிட்டான், சின்னவன் கதவைச் சாத்திவிட்டான்.

உன் அண்ணன்

*

மார்ச் 12

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. போன வாரம் அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டின்போதே மூச்சு முட்டிவிட்டது. நானும் இவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, நெஞ்சில் கோத்திருந்த தண்ணீரை இறக்கி, இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி அறுவைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தன்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பாவைக் காட்டிலும் நான்தான் பயந்து போயிருக்கிறேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டான் என்ற வரியை மட்டும் விழுங்கலாம் என்று பார்த்தேன். "எதையோ முழுங்கறே, படி" என்றார். படித்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். யோசித்தார்.

"ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். "யாராவது ஒருத்தன் பொய் சொன்னா அதட்டிடலாம். கோர்ட்டுல சம்மன் திரும்பி வந்தா நாங்க ஆளைத் திட்ட மாட்டோம். எந்த விலாசத்துக்குப் போச்சுன்னு பாப்போம். பெரியவனை மொதல்ல அதைப் பாக்கச் சொல்லு."

"விலாசம் சரின்னுதாம்ப்பா எழுதியிருக்கான்."

"சரின்னு அவன் சொல்றான். ஆனா சம்மன் திரும்பி வந்திருக்கே."

தம்பியிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன், அண்ணனைத் தடுத்து வைத்திருக்கிறாயா என்று. "அப்படிச் செய்யறது எப்படின்னு கூட எனக்குத் தெரியாதுக்கா. அண்ணன் அப்படியா நெனைக்குது?" என்றான். அழுதானோ என்னவோ.

நீ என்ன எழுதினாய் என்று ஒரு நகல் அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டாம். உன்னைத் தெரியாதா எனக்கு? சின்ன வயதில் நான் ஒடித்த உன் ஸ்கேலை இன்னும் இரண்டு துண்டாகப் பெட்டியில் வைத்திருக்கிற ஆள் நீ. மின்னஞ்சலிலும் புது மடல் திறந்திருக்க மாட்டாய். பழையது ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து, அதன் தலையில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதியிருப்பாய். பழைய வாலோடு.

ஏப்ரல் பத்து. மறக்காதே.

தங்கை

*

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

இவ்வளவு நாள் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எழுதலாம். நீ நம்ப மாட்டாய். அப்பா எப்படி இருக்கிறார்? மூச்சு சீராக இருக்கிறதா? நீ சாப்பிடுகிறாயா?

இன்று பாஸ்வேர்டை நேரிலேயே பிடித்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். "மாத்துங்க" என்று ஆரம்பித்தான். "இன்னொரு தடவை அந்த வார்த்தை சொன்னால் இந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் உன்னை இறங்க வைப்பேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அறிவிப்பைத் திறந்தான். கோடும் எண்ணுமாக இருந்த அந்த மூன்று வரியை, பேன் பார்க்கிறவள் மாதிரி விரலால் ஓட்டிக்கொண்டே போனான்.

"சார், இது யாருக்கு அனுப்பறீங்க?"

"என் தம்பிக்கு."

"இல்லியே. இவரு ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுலயே போயிட்டாரு. அப்பவே எடுத்தாச்சு."

அவன் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "வாயை அலம்பு! அவன் கிளையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்."

"அவரு வேற சார். அதாவது, அவருதான். ஆனா கம்ப்யூட்டருக்கு வேற." கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை எடுத்துவிடுவார்களாம். திரும்ப வந்து சேர்ந்தால் புதுக் கணக்கு. பெயர் அதுவே, முகவரி அதுவே, உள்ளே ஆள் புதிது. நம் கண்ணுக்கு வெளியே இருக்கிற முகவரிதான் தெரியும். பழைய மடலுக்குப் பதில் போட்டால், கம்பெனிக்குள்ளேயே போகிற மடல் அந்த முகவரியைப் பார்க்காதாம். அன்றைக்கு எழுதிய அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டு போகுமாம். அந்த ஆள் இப்போது எங்கேயும் இல்லை. திரும்பி வந்துவிடும்.

"கணக்காளரம்மா அனுப்பினால் மட்டும் எப்படிப் போகிறது?"

"அவங்க இதுக்கு முன்னாடி அவருக்கு எழுதினதே இல்ல சார். புதுசா அடிச்சாங்க, போயிடுச்சு. நீங்கதான் ரொம்பப் பழகினவரு."

புது மடல் திறக்கச் சொன்னான். பெயரில் முதல் எழுத்தை அடித்த உடனே தம்பியின் பெயர் முழுதாகக் கீழே வந்து நின்றது. இதோ என்றேன். "தொடாதீங்க! அதுவும் பழசுதான். உங்க இயந்திரம் ஞாபகம் வச்சிருக்கு. பக்கத்துல பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க. முகவரிப் புத்தகத்துலயும் எடுத்துடுங்க. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா நீங்களே அடிங்க."

"எடுத்தால் அவனுடைய பழைய மடல்களும் போய்விடுமா?"

"மடல் எங்கயும் போகாது சார். அது பத்திரமா இருக்கும்." அதற்குள் அவன் கண் திரையின் அடிப்பக்கம் போய்விட்டது. அங்கே இருந்த தம்பியின் பழைய மடலைப் படித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

நீ வால் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் கோபத்தில் கடிதத்தைக் கசக்கினேன், பிறகு நீவி எடுத்து வைத்தேன். என் நாற்காலி போனது போனதுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் தடுத்து வைத்திருக்கிறான் என்று நான் எழுதியதை அப்பாவிடம் திருத்திச் சொல்லிவிடு.

பெயரை எடுத்துவிட்டேன். இன்னும் எழுதவில்லை. மடல் பக்கம் வெள்ளையாகத் திறந்தே இருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும்: அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இடம் எதுவும் உண்டா?

உன் அண்ணன்

*

ஏப்ரல் 5

அண்ணா,

அப்பா நலம். நானும் சாப்பிடுகிறேன்.

இரண்டாம் மாடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதைத்தான் அப்பா மனதில் வைத்திருக்கிறார். கீழே ஒரு கேன்டீன். சுமாராக இருக்கும். ஏன் கேட்கிறாய்?

உன் கடிதம் முழுதும் அப்பாவுக்குப் படித்தேன். "பழைய ஆளுக்கு அனுப்பினானாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்ன என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஐந்து நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் இருக்காது.

தங்கை

*

மின்னஞ்சல்: ஏப்ரல் 8
பொருள்: அப்பா

தம்பி,

நலமா? நாளை மறுநாள் அப்பாவுக்கு அறுவை. நீ வர வேண்டும். நான் கூப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கீழே கேன்டீன் இருக்கிறதாம். நாளை நான் அங்கே இருப்பேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.

அண்ணன்

*

மின்னஞ்சல்: ஏப்ரல் 8
பொருள்: பதில்: அப்பா

அண்ணா,

வந்துருச்சு. உன் பேரைப் பாத்ததும் எப்பவும் போல அடியில நீ என்ன ஒட்டி வச்சிருக்கேன்னு பாக்கத்தான் மொதல்ல கீழ இழுத்தேன். இழுத்துக்கிட்டே போனேன், வெறும் வெள்ளை. நீதான் எழுதினியா, இல்ல அக்கா உன் பேர்ல எழுதிச்சான்னே கொஞ்ச நேரம் எனக்குப் புரியல. அப்புறம் மறுபடி மேல வந்து படிச்சேன். அந்தக் கடைசி வரி அக்காவுக்குத் தெரியாது.

பஸ்ஸு இப்ப ஆறு மணிக்கு. விடிஞ்சதும் வந்துடுவேன். நான் வர்றதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடாதே.

டீ சொல்லி வை.